காய்ச்சல் விட்டுருச்சு... தேறிட்டோமா?

போன ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்பு. பந்தி முடிஞ்சு வெத்தலைத் தட்டு சுத்திக்கிட்டு இருந்த நேரம்.

என் நாத்தனார் மக ஓரமா ஒரு நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருந்தா. காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டெங்கு வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து, பிளேட்லெட் ஏறினதுக்கு அப்புறம் வீட்டுக்கு வந்தவ.

அவ பெரியப்பா அந்தப் பக்கமா வந்தாரு. தங்கமான மனுஷன், அதுல சந்தேகமே இல்லை. அவளைப் பார்த்துட்டு நின்னாரு.

"காய்ச்சல் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் என்னத்தா அசதி? எல்லாம் போனைப் பார்த்துப் பார்த்து வர்றது. மனசுல தெம்பு இருந்தா உடம்பு தானா வரும்."

சுத்தி இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க.

அந்தப் புள்ள பதிலே பேசலை. கண்ணைத் திறந்து, முதுகை நேராக்கி நிமிர்ந்து உட்கார்ந்தா. கொஞ்சம் சிரிச்சும் வச்சா.

அப்படி நிமிர்ந்து உட்கார்றது எனக்கு நல்லாத் தெரியும். 2021-ல பாதி வருஷம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவரு நகர்ந்ததும் அவளைக் கைகழுவுற இடத்துக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போனேன். "படிக்கிறப்ப என்னடா பண்ணுது?"ன்னு கேட்டேன்.

"ஒரு வரி படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போனா முன்னாடி படிச்சது நிக்க மாட்டேங்குது அத்தை. தலைக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"படிக்காம இருக்க சாக்கு சொல்றேன்னு நினைச்சுக்குவாங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். (களைப்பா இருக்கிறவங்க ரெண்டு மூணு தடவையா படிங்க. எங்கேயும் ஓடிப் போயிடாது.)



என் கதையை முதல்ல சொல்லிடுறேன்.

நான் கணக்கு டீச்சர். மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல ஒன்பது, பத்துக்கு எடுக்கிறேன். இருபது வருஷ சர்வீஸ்.

2021 மே மாசம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000 பேருக்கு மேல கொரோனான்னு சாயங்காலச் செய்தியில சொன்ன காலம். எங்க வீட்டுல முதல்ல என் வீட்டுக்காரருக்கு வந்துச்சு, மூணாவது நாள் எனக்கு.

எனக்கு லேசான கொரோனாதான். அஞ்சு நாள் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. ஆக்சிஜன் 96-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் படியே ஏறலை. தெருவுல ரெண்டு வீட்டுல ஆள் போயிருந்த நேரம் அது. நாம பிழைச்சோமேன்னு சாமிக்கு விளக்கு ஏத்தினேன்.

ஜூன்ல ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சுது. ரெண்டாவது வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்னு எழுதி, சமம் போட்டேன்.

அதுக்கு அப்புறம் என்னன்னு தெரியலை.

மறந்துடுச்சுன்னு சொன்னா சரியா வராது. மறந்தா "என்னமோ இருக்கே"ன்னு ஒரு தவிப்பாவது இருக்கும். அங்கே ஒண்ணுமே இல்லை, வெறும் சுவர். இருபது வருஷமா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற ஒரு சூத்திரம். நாப்பத்திரண்டு பசங்க திரையில பார்த்துக்கிட்டு இருக்காங்க. நெட் போயிருச்சுன்னு சொல்லிட்டு கிளாஸை முடிச்சேன். பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சது.

வார்த்தை வராது. மககிட்ட "அதை எடு, அந்த விசில் அடிக்கிறதை"ன்னு சொல்வேன். அவ குக்கரை எடுத்துக் கொடுப்பா. அப்புறம் கீழே குனிஞ்சுக்குவா, பயந்துட்டான்னு எனக்குத் தெரியும். அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பார்ப்பேன். டிவியும் ஓடி, பக்கத்துல ஒருத்தர் பேசவும் செஞ்சா ரெண்டுல ஒண்ணுகூட காதுல ஏறாது. வெளிச்சம் கண்ணைக் கூசும். ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு எழுப்பிவிடும். குளிச்சுட்டு வந்து கட்டில்ல அரை மணி நேரம் கிடந்தாத்தான் தலை துவட்டவே முடியும்.

ஆகஸ்ட்ல இன்னொண்ணு சேர்ந்துச்சு. கொரோனாவுல போன வாசனை பாதி திரும்பி வந்திருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் காலையில டிகாக்‌ஷன் இறக்கினா, ரப்பரைக் கொளுத்தின நாத்தம். அவரு, "நல்லாத்தானே இருக்கு"ன்னு குடிச்சாரு. வெங்காயம் வதக்கினாலும் அதே நாத்தம்தான். (அப்புறம் படிச்சேன், இப்படிக் கெட்டுப் போற வாசனைகள்ல காபியும் வெங்காயமும் பூண்டும் முன் வரிசையில நிக்குமாம். மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்புப் பாதை பழுதாகி மறுபடி வளர்றப்ப, பல வாசனையில ஒண்ணு ரெண்டு மட்டும் போய்ச் சேருதுன்னு விளக்கம் சொல்றாங்க.)

இதோட சேர்ந்து காரணமில்லாத பயம். வாசல்ல போஸ்ட்மேன் மணி அடிச்சாக்கூட வயிறு கலங்கும். எனக்கு அப்படி ஒரு சுபாவமே கிடையாது.



சரி, என்னென்ன பண்ணிப் பார்த்தேன்?

முதல்ல நடைப்பயிற்சி. "உடம்பு துருப்பிடிச்சுப் போச்சு, நடந்தா சரியாகும்"னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்துல மூணு சுத்து. முதல் நாள் உற்சாகமா இருந்துச்சு. ரெண்டாவது நாளும் போனேன். மூணாவது நாள் எழுந்திரிக்க முடியலை. நாலு நாள் படுக்கை. தேறினதும் மறுபடி போனேன், மறுபடி விழுந்தேன். இப்படியே ஆறு வாரம் போச்சு.

அடுத்து வல்லாரை. துவையல், சூப், பொடின்னு எல்லா ரூபத்துலயும். பாதாம் ஊறப்போட்டுத் தின்னேன். வல்லாரைத் துவையல் இன்னைக்கும் எங்க வீட்டுல உண்டு, சோத்துக்கு அருமையா இருக்கும். ஆனா என் தலைக்குள்ள இருந்த பஞ்சை அது எடுக்கலை.

அப்புறம் ஒரு டாக்டர். அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு, "லேடீஸுக்கு இந்த வயசுல டென்ஷன் இருக்கும்மா, ஸ்கூல் வேலையைக் கொஞ்சம் மறந்துட்டு இருங்க"ன்னு தூக்க மாத்திரை எழுதினாரு. வெளியே வந்து ஆட்டோவுல உட்கார்ந்தப்ப, ஒருவேளை நான்தான் எதையோ பெருசு பண்றேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது. அது அந்தக் காய்ச்சலைவிட மோசமான நாள்.

நாலாவதா போன டாக்டர்தான் வேற மாதிரி. எனக்கு அவங்க செஞ்ச ரெண்டு காரியத்தைச் சொல்லணும்.

ஒண்ணு, ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, விட்டமின் டி. "எல்லாத்தையும் கொரோனா தலையில போட்டுடக் கூடாது, சரி பண்ணக்கூடியது ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல பார்ப்போம்"னு சொன்னாங்க. எனக்கு பி12 ரொம்பக் கம்மி, ரத்தமும் கம்மி. (நாங்க வீட்டுல கறி மீன் சேர்க்கிறது இல்லை. பி12 குறைஞ்சாலே ஞாபகம் தடுமாறும், கைகால் மரத்துப் போகும்.) ஊசி போட்டு ரெண்டையும் சரி பண்ணாங்க. கொஞ்சம் தெளிஞ்சேன், முழுசா இல்லை.

ரெண்டாவது, என்னைப் படுக்க வச்சு நாடித்துடிப்பு எண்ணினாங்க, 78. அப்புறம் சுவத்தோரமா நிக்க வச்சு பத்து நிமிஷம் ஒவ்வொரு நிமிஷமா எண்ணினாங்க. 116 போச்சு. ரத்த அழுத்தம் இறங்கலை. படுத்திருந்து எழுந்த பத்து நிமிஷத்துக்குள்ள பெரியவங்களுக்கு 30-க்கு மேல ஏறி, அப்படியே நின்னுட்டா, இதயத்தையும் ரத்தக்குழாயையும் தானா இயக்குற நரம்புகள் தாளம் தப்பியிருக்குன்னு அர்த்தமாம். போர்டு முன்னாடி நின்னு பாடம் எடுக்கிற எனக்குத் தலை ஏன் கிறுகிறுக்குதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

"உங்களுக்கு இருக்கிறது நிஜம்மா"ன்னு அவங்க சொன்னாங்க.

மருந்து எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வாக்கியமே எனக்குப் பாதி மருந்து. இதைப் படிக்கிற டாக்டர் யாராவது இருந்தா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அந்த வாக்கியத்துக்குச் செலவே கிடையாது.



இப்ப நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. (படிக்க எனக்கு நாலு மடங்கு நேரம் ஆச்சு. அதனால ஒவ்வொண்ணும் மனசுல நல்லாப் பதிஞ்சிருக்கு.)

இந்த நோய்க்கு "லாங் கோவிட்"னு பேர் வச்சது எந்த டாக்டரும் இல்லை. எலீசா பெரேகோன்னு இத்தாலியில ஒரு தொல்லியல் ஆய்வாளர். 2020 மே மாசம், தனக்கு இன்னும் சரியாகலைன்னு ட்விட்டர்ல எழுதறப்ப அந்தப் பேரைப் போட்டாங்க. உலகம் முழுக்க நோயாளிங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் அதுக்கு ஒரு வரையறை கொடுத்தது 2021 அக்டோபர்ல. நோய் வந்து மூணு மாசம் வாக்குல இருக்கணும், குறைஞ்சது ரெண்டு மாசம் நீடிக்கணும், வேற காரணம் சொல்ல முடியாம இருக்கணும். களைப்பு, மூச்சு வாங்குறது, யோசிக்க முடியாம போறது இதெல்லாம் அதுல இருக்கு.

ஆக்ஸ்ஃபோர்ட்ல மேக்ஸிம் டாக்கே, பால் ஹாரிசன் குழு, கொரோனா வந்த 2,36,379 பேரோட மருத்துவப் பதிவை எடுத்துப் பார்த்தாங்க. 2021-ல வந்த ஆய்வு. ஆறு மாசத்துக்குள்ள 100-க்கு 34 பேருக்கு நரம்பு சம்பந்தமாவோ மனநலம் சம்பந்தமாவோ ஒரு நோய் பதிவாகியிருக்கு. 13 பேருக்கு அந்த மாதிரி ஒண்ணு வந்தது வாழ்க்கையிலயே அதுதான் முதல் தடவை. சாதாரண ஃப்ளூ வந்தவங்களோட ஒப்பிட்டாலும் கொரோனா வந்தவங்களுக்குத்தான் அதிகம்.

அதே ஆக்ஸ்ஃபோர்ட்ல 2022-ல இன்னொரு ஆய்வு. கொரோனாவுக்கு முன்னாடியே மூளை ஸ்கேன் எடுத்து வச்சிருந்த 785 பேரைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தாங்க. அதுல 401 பேருக்கு நடுவுல கொரோனா வந்துட்டுப் போயிருந்துச்சு. அநேகம் பேருக்கு என்னை மாதிரி லேசாத்தான். அப்படியும் வாசனை, ஞாபகத்தோட சம்பந்தப்பட்ட பகுதிகள்ல சாம்பல் நிறப் பொருள் கொஞ்சம் கூடுதலாக் குறைஞ்சிருக்கு. சின்ன அளவுதான், சராசரிதான். எல்லாருக்கும் அப்படின்னு இல்லை. ஆனா ஸ்கேன்ல தெரியுது பாருங்க!

2024-ல இங்கிலாந்துல 1,12,964 பேருக்கு ஆன்லைன்ல ஞாபகசக்தி, யோசிக்கிற திறன் எல்லாம் சோதிச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. கொரோனா வந்து முழுசா சரியானவங்களுக்கும், வராதவங்களைவிட ஐ.க்யூ. கணக்குல 3 புள்ளி அளவு வித்தியாசம். இன்னும் தொந்தரவு இருக்கிறவங்களுக்கு 6 புள்ளி. அதுல எனக்கு ஆறுதலான விஷயமும் இருந்துச்சு. நீடிச்ச தொந்தரவு தீர்ந்துட்டவங்களோட மதிப்பெண், சீக்கிரம் குணமானவங்க மதிப்பெண்ணுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. அப்போ மேலே ஏறி வர வழி இருக்கு.

ஏன் இப்படி ஆகுது? இன்னும் ஒரே பதில் கிடைக்கலை. வைரஸோட துணுக்குகள் உடம்புல தங்கிடுறது, எதிர்ப்பு சக்தி அடங்காம கொதிச்சுக்கிட்டே இருக்கிறது, ரத்தக்குழாய்ச் சுவர் பாதிக்கிறது, உள்ளே தூங்கிக்கிட்டு இருந்த பழைய வைரஸ் முழிச்சுக்கிறதுன்னு பல வழியைத் தேடுறாங்க. ஆளுக்கு ஆள் வேற வேறயா இருக்கலாம்.

எனக்கு ரொம்பத் தெளிவாப் புரிஞ்சது ஒண்ணு. ஸ்டான்ஃபோர்ட்ல மிஷெல் மோன்ஜேயும் யேல்ல அகிகோ இவாசாகியும் சேர்ந்து எலிகள்ல சோதிச்சாங்க. வைரஸ் மூச்சுப் பாதையோட நின்னுடுற மாதிரி லேசான தொற்றைக் கொடுத்தாங்க. மூளைக்குள்ள வைரஸ் போகவே இல்லை. ஆனா ஏழு வாரம் கழிச்சும் மூளையோட காவல் செல்கள், மைக்ரோக்ளியான்னு பேரு, உஷார் நிலையிலேயே இருந்துச்சு. நரம்பு மேல இருக்கிற உறையும் குறைஞ்சிருந்துச்சு.

மதுரைக்காரங்களுக்கு இதைச் சொன்னா சட்டுன்னு புரியும். சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் மலைக்குத் திரும்பிட்டாரு. ஆனா கோரிப்பாளையத்துல போட்ட தடுப்பை எவரும் எடுக்கலை, போலீஸும் கலையலைன்னு வச்சுக்கோங்க. கூட்டமே இல்லாத ரோட்டுல நீங்க சந்து சந்தா சுத்தி வீட்டுக்குப் போகணும். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் அன்னைக்கு அப்படித்தான் எங்கேயோ ஒரு சந்துல நின்னுக்கிட்டு இருந்திருக்கு.



காய்ச்சல் விட்ட பிறகும் இப்படித் தேறாம கிடக்கிறது கொரோனாவோட மட்டும் வந்ததும் இல்லை.

எங்க அப்பத்தாவுக்கு 2006-ல சிக்குன்குனியா வந்துச்சு. தமிழ்நாடே மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நடந்த வருஷம். காய்ச்சல் ஒரு வாரம்தான். மூட்டு வலி ஒன்றரை வருஷம் இருந்துச்சு. மூட்டு வலியை யாரும் சந்தேகப்படலை, ஏன்னா வீக்கம் கண்ணுல தெரிஞ்சுது. டெங்கு போனதுக்கு அப்புறம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல அசதியும் சோர்வும் நிக்கிறதும் டாக்டருங்க பதிவு பண்ணினதுதான். அக்கி வந்து காய்ஞ்ச பிறகும் அந்த இடத்துல நரம்பு எரியுறதை நம்ம வீடுகள்லயே பார்த்திருப்போம். போலியோ வந்து தேறினவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு மறுபடி தசை பலவீனம் வரும்.

1889-ல ரஷ்யாவுலேர்ந்து பரவின ஃப்ளூவுக்கு அப்புறம் ஜனங்க மாசக்கணக்கா சோர்ந்து, மனசு உடைஞ்சு கிடந்ததை அன்னைக்கு ஐரோப்பிய டாக்டருங்க பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் 1955-ல லண்டன்ல நடந்த விஷயம். இதைப் படிச்சப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுது.

ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரின்னு ஒண்ணு. அந்த வருஷம் ஜூலையில அங்கே வேலை பார்க்கிற நர்ஸ், டாக்டர், ஊழியருன்னு வரிசையா படுத்தாங்க. கிட்டத்தட்ட 300 பேர். காய்ச்சல், கழுத்துல நெறி, தலைவலி, கைகால் பலவீனம், ஞாபகத் தடுமாற்றம். ஆஸ்பத்திரியையே மூடி, அக்டோபர்லதான் திறந்தாங்க. பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1970-ல, ரெண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை மட்டும் புரட்டிப் பார்த்துட்டு, அது கூட்டு மனப்பிரமைன்னு கட்டுரை எழுதினாங்க. அந்த நோயாளிகள்ல ஒருத்தரைக்கூட சோதிச்சுப் பார்க்காம! அந்த முத்திரை ரொம்ப வருஷத்துக்கு இப்படிப்பட்ட நோயாளிங்க எல்லார் நெத்தியிலயும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு.

என்கிட்ட "டென்ஷன்"னு சொன்னவரும், வளைகாப்புல "மனசுல தெம்பு"ன்னு சொன்னவரும் அந்த வரிசையிலதான் வர்றாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சு செய்யலை. ஆனா கேட்கிறவங்களுக்கு வலி ஒண்ணுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். மனசுலதான் தொந்தரவுன்னே வச்சுக்குவோம். அப்பவும் அது நோய்தானே? எனக்கு வந்த பயத்துக்கும் அழுகைக்கும் மனநல மருத்துவரைப் பார்த்தேன். எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். நல்லா உதவுச்சு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. "மனசுதான்"ங்கிற வார்த்தையைக் கதவைச் சாத்துறதுக்குப் பயன்படுத்தாதீங்கன்னுதான் கேட்கிறேன்.



சரி, எனக்கு எது உதவுச்சு?

கிராஃப் நோட்டு! (கணக்கு டீச்சர் வேற என்ன பண்ணுவேன்?)

படுக்கையில இருந்த ஒரு நாள் தேதியைக் கிடைக்கோட்டுல போட்டேன், அன்னைக்கு உடம்பு எப்படின்னு ஒண்ணுலேர்ந்து பத்து வரை செங்குத்துக் கோட்டுல. கீழே பென்சில்ல அன்னைக்குச் செஞ்ச வேலை. அஞ்சு வாரம் விடாம போட்டேன்.

பார்த்தா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரெண்டு நாள் முன்னாடி ஒரு மேடு. சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு கட்டுப் பேப்பர் திருத்தினா திங்கட்கிழமை விழுவேன். மறுநாள் நல்லாவே இருப்பேன், அதனாலதான் எனக்குப் பிடிபடவே இல்லை. உடம்பு வேலை மட்டும் இல்லை, சத்தமான விசேஷம், ஒரு மணி நேரப் போன் பேச்சு, ஒரு சண்டை, எல்லாமே அதே கணக்குதான்.

அந்த டாக்டரம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன். உழைச்சதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு வர்ற இந்தச் சரிவுதான் இந்த வியாதியோட முக்கிய அடையாளம்னு சொன்னாங்க. பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்பு, இதே சரிவு இருக்கிற நாள்பட்ட களைப்பு நோய்க்கு "படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டு"ங்கிற பழைய சிகிச்சையை 2021 அக்டோபர்ல எடுத்தே போட்டுடுச்சுன்னும் சொன்னாங்க. நான் ரேஸ்கோர்ஸைச் சுத்திச் சுத்தி விழுந்த அதே வருஷம்.

அதுக்கு அப்புறம் என் வழியை மாத்திக்கிட்டேன். என்ன மாத்தினேன்னு சொல்றேன், உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி பார்த்துக்கோங்க.

இருபது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் படுக்கை. நாற்காலியில சாயறது கணக்குல வராது. படுத்து, கண்ணை மூடி, போன் இல்லாம. களைப்பு வந்த பிறகு படுக்கிறதுல பிரயோஜனம் கம்மி, வர்றதுக்கு முன்னாடி படுக்கணும். இதைப் பழக எனக்கு மூணு மாசம் ஆச்சு.

பேப்பர் ஒரு நாளைக்குப் பத்துதான். டோட்டலை பக்கத்து கிளாஸ் டீச்சர் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடம் நேர்ல திறந்தப்ப ஹெச்.எம். கிட்ட போய், உட்கார்ந்து பாடம் எடுக்க அனுமதி கேட்டேன். முதல் பீரியட் வேண்டாம்னும் கேட்டேன். கொடுத்தாங்க. கேட்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி தூங்கலை. இப்ப நினைச்சா முன்னாடியே கேட்டிருக்கலாம்.

தண்ணி நிறைய, உப்பு கொஞ்சம் கூடுதலா, கால்ல இறுக்கமான சாக்ஸ். இது டாக்டர் எனக்குச் சொன்னது. (பிரஷர் இருக்கிறவங்க, கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க இதைப் பார்த்து உப்பைக் கூட்டிடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டே செய்யுங்க.)

ஞாபகத்தை நம்பறதை விட்டுட்டேன். சாவிக்கு ஒரு ஆணி, கண்ணாடிக்கு ஒரு டப்பா. கேஸை மூடினதும் வாய்விட்டு "மூடிட்டேன்"னு சொல்வேன். சூத்திரங்களை அட்டையில எழுதி மேஜையில ஒட்டினேன். பசங்க கேட்டாங்க. "டீச்சருக்கு காய்ச்சலுக்கு அப்புறம் ஞாபகம் தடுமாறுது, மெல்ல வந்துடும்"னு உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஒரு பையன் வண்ணப் பேனாவுல அழகா ஒரு அட்டை எழுதிக் கொண்டு வந்து கொடுத்தான். இப்பவும் என் டிராயர்ல இருக்கு.

அப்புறம் வாசனைப் பயிற்சி. ஜெர்மனியில ட்ரெஸ்டன்ல தாமஸ் ஹும்மல்னு ஒரு டாக்டர் 2009-ல சொன்ன முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் ராத்திரியும் ஒவ்வொண்ணையும் கொஞ்ச நேரம் முகரணும், குறைஞ்சது பன்னிரண்டு வாரம். நான் பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, நீலகிரித் தைலம் வச்சுக்கிட்டேன். அஞ்சாவதா நானே ஒண்ணு சேர்த்தேன், மல்லிகைப்பூ. மதுரையில இருந்துக்கிட்டு அது இல்லாம எப்படி?

முதல்ல கிராம்பு வந்துச்சு. அப்புறம் எலுமிச்சை. 2022 பிப்ரவரியில ஒரு சாயங்காலம் பூக்காரம்மா வாசல்ல கூடையை இறக்கினாங்க. உள்ளே ஹால்ல உட்கார்ந்திருந்த எனக்கு மல்லி மணத்துச்சு. ஓடிப்போய் அஞ்சு முழம் வாங்கினேன். வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு, எதுவும் கேட்கலை. காபி மட்டும் அதுக்கு அப்புறமும் நாலு மாசம் எடுத்துக்கிச்சு.

மொத்தமா சரியாக ஒன்றரை வருஷம். இப்பவும் காய்ச்சல், தூக்கமில்லாத வாரம்னு வந்தா பஞ்சு எட்டிப் பார்க்கும். வந்தா கிராஃப் நோட்டை எடுப்பேன், வேலையைக் குறைப்பேன், போயிடும்.



கடைசியா ஒண்ணு.

எங்க அப்பத்தா ஒரு நாளும் "காய்ச்சல் சரியாயிடுச்சு"ன்னு சொன்னதில்லை. "காய்ச்சல் விட்டுருச்சு, புள்ள இன்னும் தேறலை"ன்னுதான் சொல்லும். ரெண்டும் வேற வேற. அம்மை இறங்கினா முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணின்னு ஊத்தி முடிக்கிற வரைக்கும் வீட்டை விட்டு வெளியே விடாது. வேப்பிலைப் படுக்கை, பத்தியச் சோறு, சத்தம் கூடாது, வெயில் கூடாது. பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாள். வைரஸ்னா என்னன்னு அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆனா நோய் போறதுக்கும் உடம்பு தேறுறதுக்கும் நடுவுல ஒரு காலம் இருக்கு, அந்தக் காலத்துல ஆளை வேலை வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருந்துச்சு. காய்ச்சல் விட்ட மறுநாளே லாகின் பண்ற நாம அதைத் தொலைச்சுட்டோம்.

பள்ளிக்கூடத்துலயும் தேறுறதுன்னு சொல்றோம். எல்லாப் புள்ளையும் ஒரே நாள்ல தேறாதுன்னு இருபது வருஷமாப் பார்த்தவ நான்.

நாத்தனார்கிட்ட நேத்து போன்ல பேசினேன். மகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்கேன். காலேஜ்ல இந்த செமஸ்டர் கொஞ்சம் சலுகை கேட்கலாம்னும் பேசினோம். அவ பெரியப்பாவுக்கும் போன் போட்டேன். "அண்ணே, அந்தப் புள்ள நடிக்கலைண்ணே"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கு இது தெரியாதும்மா, அவகிட்ட நானே பேசுறேன்"னாரு. சொன்னேனே, தங்கமான மனுஷன்.

காய்ச்சலுக்கு அப்புறம் தலைக்குள்ள பஞ்சா இருக்கிறவங்களுக்கு: நீங்க சோம்பேறி இல்லை. ஒரு டாக்டர் கேட்கலைன்னா இன்னொருத்தரைப் பாருங்க. பேச்சு திடீர்னு குழறினா, முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை விழுந்துட்டா, வலிப்பு வந்தா, அது காத்திருக்கிற விஷயம் இல்லை, உடனே 108. மனசு தாங்கலை, வாழவே பிடிக்கலைன்னு தோணினா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச எண், தமிழ்லயே பேசுவாங்க.

கூட இருக்கிறவங்களுக்கு: காய்ச்சல்லேர்ந்து எழுந்தவங்ககிட்ட "எப்ப வேலைக்குப் போற?"ன்னு கேட்காதீங்க. "தேறிட்டியா?"ன்னு கேளுங்க. "இல்லை"ன்னு சொன்னா, பக்கத்துல உட்கார்ந்து முழுசாக் கேளுங்க.